வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் மகளுக்குப் பெற்றோர் எப்படித் துணை நிற்கலாம்?

சங்கரன்கோவிலில் விசைத்தறித் தொழில் செய்யும் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. அவரும் அவருடைய கணவரும் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த மூத்த மகளுக்கு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் உள்ள ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறாள். “அந்தப் படிப்பைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் அவளுக்கு என்ன செய்ய முடியும்? ஆங்கிலத்தைச் சமாளிப்பாளா? செலவுக்கு எவ்வளவு கொடுப்பது? தினமும் போனில் விசாரிக்கலாமா? அழுதுகொண்டு கூப்பிட்டால் போய் அழைத்து வந்துவிடலாமா?” என்பவை அவர் கேட்டவை.

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வகுப்பாசிரியராக நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். உங்கள் முதல் கேள்விக்குள் ஒரு தாழ்வுணர்ச்சி இருப்பது தெரிகிறது. அதை முதலிலேயே விலக்கி வைத்துவிடுங்கள், அம்மா. பட்டம் பெற்ற பெற்றோர் தங்கள் பிள்ளைக்கு வகைநுண்கணிதம் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர்களில் பெரும்பாலோர் அதை மறந்திருப்பார்கள். அவர்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உண்மையான சாதகம் வேறு. கல்லூரியில் ஒன்று தவறிப்போனால் அது எவ்வளவு பெரிய தவறு, எவ்வளவு எளிதில் சரிசெய்யக்கூடியது என்பது அந்த வீடுகளில் தெரியும். ஆகவே பிள்ளையும் பயப்படாமல் வந்து சொல்லும். முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இடத்தில்தான். அறிவிலோ உழைப்பிலோ அவர்கள் குறைந்தவர்கள் அல்லர். கெட்ட செய்தியை வீட்டுக்குச் சொல்ல முடியாமல் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, சிறிய சிக்கலைப் பெரிதாக வளர விட்டுவிடுகிறார்கள். மகள் எந்தக் கெட்ட செய்தியையும் உங்களிடம் சொல்லலாம் என்ற நிலையை உண்டாக்குவதே நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை. அதற்குப் படிப்பு தேவையில்லை.

அவள் கிளம்புவதற்கு முன் ஓர் இரவு நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து உட்கார்ந்து, அவளிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது: “அங்கே என்ன நடந்தாலும் எங்களிடம் சொல்லு. நீ சொன்ன காரணத்துக்காக உன் படிப்பை நிறுத்த மாட்டோம்.” இது நம் வீடுகளில் சொல்லப்படாமலேயே விடப்படும் வாக்கியம். பெற்றோர் மனத்துக்குள் அப்படித்தான் இருப்பார்கள். ஆனால் பிள்ளையின் காதில் விழுந்திருப்பதோ “ஏதாவது கேள்விப்பட்டோம், மறுநாளே கூட்டிட்டு வந்துருவோம்” என்ற எச்சரிக்கையாக இருக்கும். பெண் பிள்ளைகளிடம் இந்த எச்சரிக்கை எவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பேருந்தில் ஒருவன் தொடர்ந்து வந்து தொல்லை கொடுத்தாலும், வகுப்பில் யாராவது தகாத செய்தி அனுப்பினாலும், வீட்டுக்குச் சொன்னால் படிப்பு போய்விடும் என்று நினைத்து மறைத்துவிடுவார்கள். அந்த அச்சத்தைப் பயன்படுத்திக்கொண்டே அவர்களை மிரட்டுகிறவர்களும் உண்டு. பாதுகாப்புக்கென்று சொல்லப்படும் எச்சரிக்கையே இப்படிப் பிள்ளையைத் தனியாக நிறுத்திவிடுகிறது. இந்த வாக்குறுதியைத் தந்தை சொல்வது மிகவும் முக்கியம்; அம்மாவின் மனம் இளகியது, அப்பாதான் முடிவெடுப்பார் என்று பிள்ளைகள் கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

அடுத்து ஆங்கிலம். உங்கள் அச்சம் நியாயமானது. பள்ளியில் அணிகள், வகையிடல், தொகையிடல் என்று நன்றாகவே படித்துத் தேர்ந்த பெண், முதல் வாரத்தில் அதே பாடத்தை மேட்ரிசஸ் என்றும் டிஃபரன்ஷியேஷன் என்றும் கேட்கும்போது, தனக்குத் தெரிந்த பாடம் என்பதையே அறியாமல் உட்கார்ந்திருப்பாள். பக்கத்தில் இருக்கும் பெண் தலையாட்டுவதைப் பார்த்து, தனக்கு மட்டும்தான் புரியவில்லை என்று முடிவு கட்டிவிடுவாள். இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. நம் மாநிலப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே பாடத்திட்டத்தில், ஒரே வரிசையில் வெளிவருகின்றன. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதம், இயற்பியல் நூல்களின் ஆங்கில வழிப் பதிப்பை வாங்கி, அல்லது இணையத்தில் இலவசமாக இறக்கி, தன் தமிழ் நூலோடு பக்கத்தில் பக்கம் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். தெரிந்த கணக்கையே ஆங்கிலத்தில் படிக்கும்போது சொற்கள் தாமாகப் பதியும். வகுப்புகள் தொடங்குவதற்கு முன் கிடைக்கும் சில வாரங்களில் இதைச் செய்துவிட்டால், பேச்சு ஆங்கிலப் பயிற்சிக்கென்று பணம் கட்டி ஓடுவதைவிட இது பல மடங்கு பயன் தரும். பேச்சு பிறகு வரும்; முதல் பருவத்துக்குத் தேவை பாடத்தின் சொற்களை அடையாளம் கண்டுகொள்வதுதான்.

நீங்கள் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அவள் பழைய பாடப் புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தவுடன் வீட்டை ஒழுங்கு செய்வதாக நினைத்து அவற்றை விற்றுவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. முதலாண்டு முழுவதும் அவை அவளுக்குத் தேவைப்படும். பெட்டியில் துணிக்கு இடம் குறைந்தாலும் கணித நூலையும் இயற்பியல் நூலையும் வைத்து அனுப்புங்கள்.

இனி, கல்லூரி எப்படி நடக்கிறது என்பதைப் பற்றிப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டிய சிலவற்றைச் சொல்கிறேன். ஆண்டு இரண்டு பருவங்களாகப் பிரிந்திருக்கும். இதைத்தான் செமஸ்டர் என்கிறார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் தனிப் பாடங்கள், தனித் தேர்வு. பள்ளியைப் போல ஒரே பாடத்தை ஓராண்டு முழுவதும் நடத்தி, மூன்று முறை திருப்புதல் தேர்வு வைத்து, படிக்காத பிள்ளையை மாலையில் நிறுத்திப் படிக்க வைக்கும் ஏற்பாடு அங்கே கிடையாது. நான்கைந்து மாதங்களில் பாடம் முடிந்து தேர்வு வந்துவிடும். இடையில் நடக்கும் உள்மதிப்பீட்டுத் தேர்வுகளுக்கும் மதிப்பெண் உண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில், அதாவது பாடத்திட்டமும் தேர்வு விதிகளும் அடங்கிய தொகுப்பில், எழுத்துத் தாள்களுக்கு உள்மதிப்பீடு 40, பருவத் தேர்வு 60 என்று பிரிக்கப்பட்டிருந்தது. இந்த விகிதம் ஒழுங்குமுறைக்கு ஒழுங்குமுறை மாறும், தேர்வைத் தாங்களே நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளில் வேறாகவும் இருக்கும்; ஆகவே தான் சேர்ந்த ஆண்டின் விதி என்ன என்பதை அவளே முதல் வாரத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். இன்டர்னல்தானே என்று அலட்சியமாக இருந்துவிட்டுப் பருவத் தேர்வில் ஈடுகட்டப் பார்ப்பது பள்ளிப் பழக்கம். அது இங்கே உதவாது.

வருகைப் பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறு நேர்வது பெரும்பாலும் வீட்டாரால்தான். பருவத் தேர்வு எழுதுவதற்கு 75 விழுக்காடு வருகை வேண்டும். 65-க்கு மேல் 75-க்குள் இருந்தால் மருத்துவச் சான்று போன்ற தக்க காரணம் காட்டி விலக்குக் கேட்கலாம். அதற்கும் கீழே போனால் தேர்வு எழுத முடியாது, அந்தப் பருவத்தையே மறுபடி படிக்க நேரும். இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். வாரம் ஐந்து நாள் வகுப்பு. பிள்ளையைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று வாராவாரம் வரவழைத்து, ஞாயிறு இரவுப் பேருந்து கிடைக்காமல் திங்கட்கிழமை வகுப்பை ஒவ்வொரு வாரமும் விட்டால், அதிலேயே 20 விழுக்காடு போய்விடும். மிச்சமிருக்கும் 5 விழுக்காட்டுக்குள் காய்ச்சல், கல்யாணம், காதுகுத்து எல்லாம் அடங்க வேண்டும். சங்கரன்கோவிலுக்கும் கோயம்புத்தூருக்கும் இடையே ஓர் இரவுப் பயணம் என்பதால், மாதம் ஒருமுறை அல்லது நீண்ட விடுமுறைகளில் மட்டும் வரட்டும். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அவள் வரவில்லை என்று யாராவது குறை சொன்னால், அந்தக் குறையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்; “நாங்கள்தான் வர வேண்டாம் என்று சொன்னோம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுங்கள்.

அரியர் என்ற சொல்லை நீங்கள் விரைவில் கேள்விப்படுவீர்கள். ஒரு தாளில் தேர்ச்சி பெறாவிட்டால், அந்தத் தாளை அடுத்து நடக்கும் தேர்வில் எழுதிக்கொள்ளலாம். படிப்பு நிற்காது, ஆண்டு வீணாகாது. பள்ளியில் ‘பெயில்’ என்பதற்கு இருந்த பொருள் இதற்கு இல்லை. முதல் பருவத்தில் கணிதத்திலோ இயற்பியலிலோ கணினி நிரல் எழுதும் தாளிலோ ஓர் அரியர் விழுவது, தமிழ் வழியில் வந்த மாணவர்களிடம் மட்டுமல்ல, நகரத்துப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களிடமும் சாதாரணமாக நடப்பது. பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கு இது தாங்க முடியாத அடியாக இருக்கும். வாழ்க்கையில் முதல் முறையாகத் தோற்றிருப்பாள்; ஊர் முழுக்கத் தட்டி வைத்து வாழ்த்தியதும் நினைவுக்கு வரும். அந்த நாளில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஏழு பருவங்களில் அவள் உங்களிடம் உண்மை பேசுவாளா என்பது அமையும். “எந்தத் தாள்? எப்போது மறுபடி எழுதலாம்? விடைத்தாள் நகல் வாங்கிப் பார்க்கலாமா?” இந்த மூன்று கேள்விகள் போதும். விடைத்தாளின் நகலைப் பணம் கட்டிப் பெற்று, மதிப்பெண்ணில் குறை இருப்பதாகத் தோன்றினால் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குத் தரப்படும் நாள்கள் குறைவு என்பதால், அவள் அழுது முடித்து உங்களிடம் சொல்ல ஒரு வாரம் எடுத்துக்கொண்டால் அந்த வாய்ப்பு போய்விடும். சொல்லும் பழக்கத்தை முன்கூட்டியே உண்டாக்க வேண்டும் என்று நான் வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே நேரத்தில் அரியர்களைக் குவிய விடவும் கூடாது. வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்களில் பல, அந்த நேரத்தில் நிலுவையில் அரியர் இருக்கும் மாணவர்களை உட்கார அனுமதிப்பதில்லை. சில நிறுவனங்கள் முன்பு அரியர் இருந்து எழுதி முடித்திருந்தாலும் கேள்வி கேட்கும். நேர்காணல்கள் மூன்றாம் ஆண்டின் இறுதியிலும் நான்காம் ஆண்டின் தொடக்கத்திலும் நடப்பவை. ஆகவே முதலாண்டு அரியரைக் கண்டு பதற வேண்டாம், ஆனால் அடுத்த வாய்ப்பிலேயே அதை முடித்துவிட வேண்டும். வேலைவாய்ப்பைப் பற்றி முதலாண்டில் அவளிடம் பேசவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு சம்பளம் வாங்குகிறான் என்ற செய்தி அவளுக்கு எந்த விதத்திலும் உதவாது.

பணத்தைப் பொறுத்தவரை, உங்கள் மகளின் நிலை பலரைவிட நல்ல நிலை. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்விப் படிப்புகளில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2021-இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அதே ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கல்லூரி அலுவலகத்தில் வேறு பெயரில் ஏதாவது தொகை கேட்டால், எதற்கென்று எழுத்தில் கேளுங்கள், ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள், ஐயம் இருந்தால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தை அணுகுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். அது உங்கள் உரிமை. இதோடு, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் நாள் தொடங்கப்பட்டது. வேறு உதவித்தொகை பெற்றாலும் இதையும் பெறலாம். கல்லூரி வழியாக விண்ணப்பிக்க வேண்டும். பணம் மாணவியின் வங்கிக் கணக்குக்கே வரும். அவளுடைய பெயரில் கணக்கு இருக்கிறதா, ஆதார் இணைக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஊரில் இருக்கும்போதே சரிபார்த்துவிடுங்கள். பையன்களுக்கு இதே போன்ற தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. உங்கள் இளைய மகனுக்குப் பின்னால் உதவும்.

அந்த 1,000 ரூபாயை அவளே வைத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் எவ்வளவு தேவை என்பதை ஒரு மாதம் அவள் எழுதிய செலவுக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முன்கூட்டியே ஒரு தொகையை நான் சொல்வது சரியாக இராது. முதல் மாதத்தில் வாளி, பூட்டு, வரைபடக் கருவிகள், ஆய்வகக் கோட்டு என்று செலவு கூடுதலாக இருக்கும், பிறகு குறைந்துவிடும். லேப்டாப் வாங்க உடனே கடன் வாங்க வேண்டாம். முதல் பருவத்தைக் கல்லூரிக் கணினி ஆய்வகத்தைக் கொண்டு ஓட்டிவிடலாம். எந்த வகைக் கணினி தேவை என்பது இரண்டாம் பருவத்தில் அவளுக்கே தெரிந்துவிடும். கந்து வட்டிக்கோ தறி முதலாளியிடம் முன்பணமாகவோ வாங்கிய காசில் வந்த பொருள் என்று தெரிந்தால், அது அவள் மேசைமேல் நிம்மதியாக இருக்காது. குடும்பத்தின் வரவு செலவை அவளிடம் மறைக்கவும் வேண்டாம், அதையே சொல்லிக்காட்டவும் வேண்டாம். “இந்த மாதம் கொஞ்சம் இறுக்கம், அடுத்த மாதம் அனுப்புகிறோம்” என்பது செய்தி. “உனக்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறோம்” என்பதோ சுமை. விடுதியில் ஒரு வேளை நல்ல சாப்பாடு சாப்பிட்டாலும் குற்ற உணர்வு கொள்ளும்படி செய்துவிடும்.

ஒதுக்கீட்டில் வராமல் பொதுக் கலந்தாய்வில் இடம் பெற்ற பிள்ளைகளின் பெற்றோர் இதைப் படித்தால், இரண்டு செய்திகள். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்ற சான்றிதழ் இருந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வருவாய்த் துறையிடமிருந்து அதைப் பெறலாம். கல்விக் கடன் வாங்கினால் 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் கேட்கக் கூடாது என்பது வங்கிகளின் பொதுத் திட்டம். ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்கும் குடும்பங்களுக்குப் படிப்புக் காலத்து வட்டியை ஒன்றிய அரசு ஏற்கும் மானியத் திட்டமும் இருக்கிறது.

சான்றிதழ்கள் விஷயத்தில் ஒரே ஓர் எச்சரிக்கை: சேர்க்கையின்போது அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. ஏதேனும் காரணத்தால் கொடுக்க நேர்ந்தால் கையொப்பமிட்ட ரசீது வாங்குங்கள். மதிப்பெண் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றின் நகல்களை ஒரு கட்டாக அவளிடமும் ஒரு கட்டாக வீட்டிலும் வைத்திருங்கள். உதவித்தொகை வந்திருக்கிறது என்று யாராவது போனில் கூப்பிட்டு ஓடிபி எண் கேட்டால் சொல்லக் கூடாது என்பதை அவளுக்குச் சொல்வதோடு நீங்களும் நினைவில் வையுங்கள்; இத்தகைய அழைப்புகள் பெற்றோரின் எண்ணுக்கே வருகின்றன. பணம் போய்விட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்குத் தெரிவிக்க வேண்டும்.

விடுதியைப் பற்றிய உங்கள் அச்சத்தில் ராகிங் முதலிடத்தில் இருக்கும். 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட கொடுமை தமிழ்நாட்டை உலுக்கியது. அடுத்த ஆண்டே ராகிங்கைத் தடை செய்யும் சட்டத்தைத் தமிழ்நாடு கொண்டு வந்தது. ராகிங் செய்தால் இரண்டாண்டு வரை சிறைத்தண்டனை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 2009-இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிகளை வகுத்தது. ஒவ்வோர் ஆண்டும் மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் படிவம் தருவது அந்த விதிகளின்படிதான். அதை வெறும் கையெழுத்தாக நினைத்துப் போட்டுவிடாமல், படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள். 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம். பாலியல் தொல்லை குறித்த புகார்களை விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் உறுப்பினர்கள் யார் என்பது அறிவிப்புப் பலகையில் இருக்கும், அவள் குறித்து வைத்துக்கொள்ளட்டும். பெண்களுக்கான உதவி எண் 181. இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி அவள் பெட்டியில் ஒட்டி அனுப்புவதில் தவறில்லை.

நீங்கள் இருவரும் ஒருமுறை கல்லூரிக்குப் போய் வகுப்பாசிரியரையும் விடுதிக் காப்பாளரையும் பார்க்க வேண்டும். ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போகும் என்பது எனக்குத் தெரியும்; அதனால்தான் எந்த நாளில் போவது என்பதையும் சொல்கிறேன். சேர்க்கை நாளில் எல்லாப் பெற்றோரும் கூடியிருப்பார்கள், யாரும் யாரையும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு முடிந்த பிறகு, அவளிடம் சொல்லிவிட்டு, அவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆசிரியர்கள் ஆங்கிலத்தில் பேசுவார்களோ, நம் உடையைப் பார்ப்பார்களோ என்று தயங்கிப் பல பெற்றோர் நான்கு ஆண்டுகளிலும் ஒருமுறைகூட வராமலே இருந்துவிடுகிறார்கள். வேட்டி, கைத்தறிச் சேலையோடு வந்து, “என் பிள்ளை எதில் பின்தங்கியிருக்கிறாள், நாங்கள் என்ன செய்ய வேண்டும்” என்று நேராகக் கேட்கும் பெற்றோரின் பிள்ளையை எந்த ஆசிரியரும் மறக்க மாட்டார். கல்லூரிப் படிவத்தில் உங்கள் சொந்தக் கைப்பேசி எண்தான் எழுதப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். வருகைக் குறைவு போன்ற தகவல்கள் அந்த எண்ணுக்குத்தான் வரும்.

போனில் தினமும் பேசலாமா என்று கேட்டீர்கள். பேசலாம். ஆனால் நேரத்தை அவள் சொல்லட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் என்று வைத்துக்கொண்டால், அந்த நேரத்தில் அவள் நிம்மதியாகப் பேசுவாள். வகுப்பிலும் ஆய்வகத்திலும் இருக்கும்போது நான்கு முறை கூப்பிட்டு, எடுக்கவில்லை என்று தோழியின் எண்ணுக்குக் கூப்பிட்டு, பிறகு காப்பாளரைக் கூப்பிட்டால், அவள் தோழிகள் முன்னால் குன்றிப்போவாள். எங்கே இருக்கிறாள் என்று காட்டும் செயலியை அவளுக்குத் தெரியாமல் கைப்பேசியில் போட்டுத் தருவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு நாள் அவளுக்கு அது தெரியவரும். அன்றோடு நீங்கள் கொடுத்த வாக்குறுதி பொருளிழந்துவிடும். பேசும்போது “சாப்பிட்டியா” என்று கேட்பது நம் வழக்கம், கேளுங்கள். அதற்கு அடுத்த கேள்வி “படிச்சியா” என்று இருக்க வேண்டாம். “இன்னைக்கு யாரோட உட்கார்ந்து சாப்பிட்ட?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பெயர் வந்தால் அவளுக்குத் துணை கிடைத்துவிட்டது என்று பொருள். வாரக்கணக்கில் ஒரு பெயரும் வராவிட்டால் நீங்கள் கவனிக்க வேண்டும். பாடத்தைப் பற்றிக் கேட்க ஆசைப்பட்டால், இன்று நடந்ததைத் தமிழில் உங்களுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லுங்கள். உங்களுக்கு முழுவதும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிப் பார்க்கும்போது அவளுக்குப் புரிந்துவிடும். ஆண் நண்பர்களின் பெயர் பேச்சில் வந்தால் உடனே குரலை மாற்றாதீர்கள். ஆய்வகத்தில் குழுவாகத்தான் வேலை செய்வார்கள், அந்தக் குழுவில் பையன்களும் இருப்பார்கள். படிப்பு முடியும்வரை வரன் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று உறவினர்களிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முதல் மூன்று நான்கு வாரங்களில் அவள் அழுவாள் என்றே எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். மெஸ் சாப்பாடு பிடிக்காது, ஒரே அறையில் முகம் தெரியாதவர்களோடு தூங்க வேண்டும், ஆங்கிலம் புரியாது. “வந்துடறேம்மா” என்பாள். அந்த நொடியில் பேருந்து ஏறிப் போய் அழைத்து வருவதும் சரியன்று, “இவ்வளவு செலவு பண்ணியாச்சு, அழாம இரு” என்று வாயடைப்பதும் சரியன்று. அழட்டும், கேட்டுக்கொண்டிருங்கள், “சரிம்மா, நாளைக்கும் பேசுவோம்” என்று முடியுங்கள். ஒரு வாரம் கழித்தும் தாங்க முடியாவிட்டால் நீங்கள் போய் ஒரு பகல் இருந்துவிட்டு வாருங்கள். அவளை அழைத்து வருவதைவிட நீங்கள் அங்கே போவது நல்லது; அவள் தன் அறையையும் தோழிகளையும் உங்களுக்குக் காட்டும்போதே அந்த இடம் கொஞ்சம் அவளுடையதாகிவிடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வருத்தம் வாரத்துக்கு வாரம் குறையும்.

குறையாமல் கூடிக்கொண்டே போனால் அது வீட்டு நினைவு அன்று. சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை, குளிப்பதற்கும் வகுப்புக்குப் போவதற்கும் மனம் இல்லை, போனை எடுப்பதைத் தவிர்க்கிறாள், “நான் உங்களுக்குப் பாரமா இருக்கேன்” என்ற விதமாகப் பேசுகிறாள் என்றால், தேர்வு நாளாக இருந்தாலும் அன்றிரவே கிளம்புங்கள். திட்டவோ அறிவுரை சொல்லவோ வேண்டாம்; உடன் இருங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்; பெற்றோரும் அதில் பேசலாம். மனநோய்க்கு மருத்துவம் பார்த்தால் நாளைக்குக் கல்யாணத்துக்கு இடைஞ்சல் வருமே என்று தள்ளிப்போடும் வீடுகள் இருக்கின்றன. அந்த எண்ணத்துக்கு இடமே கொடுக்காதீர்கள். ஒரு பருவத்தை விட்டுவிட்டுப் பிறகு தொடரவும் முறை இருக்கிறது, அதைக் கல்லூரியில் பேசிக்கொள்ளலாம்.

தீபாவளிக்கு அவள் முதன்முதலாக ஊருக்கு வரும்போது, முதல் நாள் முழுவதும் தூங்க விடுங்கள். சொந்தக்காரர்கள் வந்து “என்ன மார்க்?” என்று கேட்பதை இரண்டு நாள் தள்ளி வைக்கலாம். அவளுடைய பேச்சிலும் உடையிலும் ஏதாவது மாறியிருக்கும், வீட்டில் ஒன்றிரண்டு பழக்கங்களைக் குறை சொல்லவும் செய்வாள். அதை மதிப்புக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பிப் போகும் பேருந்துச் சீட்டை அவளே பதிவு செய்யட்டும், திங்கட்கிழமை காலை முதல் வகுப்புக்கு முன் விடுதி போய்ச் சேரும்படி.